பாலர் வகுப்புக்கு வேதாகம விளையாட்டுகள்: தோற்ற பிள்ளை ஓரமாக உட்காராத விளையாட்டு வேண்டும்

தேரிக்காட்டு டீச்சர்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்தில் தேரி மணல் சூழ்ந்த சிற்றூர் எங்களுடையது. இந்த வருடம் விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்த கையோடு பாலர் வகுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள். நான்கு வயது முதல் ஏழு வயது வரை சுமார் 20 பிள்ளைகள். பாதிப் பேருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவும் தெரியாது. ஆராதனை முடிந்ததும் முக்கால் மணி நேரம், ஆலயத்தை ஒட்டிய வேப்பமரத்தடியில் வகுப்பு. மழை வந்தால் வராந்தா.

கதை சொன்னால் கண்கொட்டாமல் கேட்கிறார்கள். பாட்டும் நன்றாகப் பாடுகிறார்கள். விளையாட்டுதான் எனக்குத் திருப்தியாக இல்லை. வழக்கமாக என்ன நடக்கிறது? நாற்காலியைச் சுற்றி ஓடுவார்கள். பாட்டு நின்றதும் இடம் கிடைக்காதவர் ஒரு வசனம் சொல்லிவிட்டு வெளியேற வேண்டும். வசனம் சொல்வது தண்டனையாகிவிடுகிறது. இதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதோடு, முதலில் வெளியேறுவது எப்போதும் வகுப்பிலேயே சின்னப் பிள்ளைதான். மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்தபடி மரத்தில் சாய்ந்து நிற்கும். மீதி நேரம் முழுவதும் அந்தப் பிள்ளைக்கு வகுப்பே இல்லை.

பந்தைக் கைமாற்றி, விசில் அடிக்கும்போது பந்து யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கேள்வி கேட்பது இன்னொன்று. அந்தப் பந்துக்கும் வேதத்துக்கும் என்ன சம்பந்தம்? கேள்வியை மாற்றினால் அதுவே பொது அறிவுப் போட்டியாகிவிடும்.

கதையே விளையாட்டாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. செலவுக்குச் சபையில் அதிகம் கேட்க முடியாது. பாய், சாக்பீஸ், பழைய சேலை, சிரட்டை, பனங்கொட்டை, மணல் ஆகியவை வேண்டிய மட்டும் உண்டு. நீங்கள் நடத்திப் பார்த்த விளையாட்டு இருந்தால் எழுதுங்கள்.

இன்னொரு காரியம். சபையில் ஒரு பெரியவர், "ஆலய வளாகத்தில் விளையாட்டு எதற்கு? நாலு வசனம் மனப்பாடம் செய்ய வைத்தால் போதாதா?" என்கிறார். நான் மதிக்கிற மனிதர். எதிர்த்துப் பேச மனமில்லை. ஆனால் மரியாதையாகச் சொல்ல ஒரு பதில் வேண்டும்.

பாளையங்கோட்டைப் பெரியம்மா:

மகளே, முதலில் பெரியவருக்கான பதில். சகரியா 8:5-ஐ அவரிடமே கொடுத்து வாசிக்கச் சொல். கர்த்தர் எருசலேமைத் திரும்பவும் கட்டி எழுப்பும் நாளைப் பற்றிச் சொல்லும்போது, அதன் வீதிகளில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் நிறைந்து விளையாடுவார்கள் என்கிறார். அதற்கு முந்தின வசனத்தில் கோலூன்றிய கிழவர்களும் கிழவிகளும் அதே வீதிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியவருக்கும் அங்கே இடம் உண்டு என்று சொல். வகுப்புக்கு வந்து ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லி அழை. சந்தைவெளியில் பிள்ளைகள் கல்யாண விளையாட்டும் சாவு விளையாட்டும் விளையாடியதை நம் ஆண்டவரே எடுத்துப் பேசியிருக்கிறாரே, மத்தேயு 11-ஆம் அதிகாரத்தில். குழல் ஊதினோம், நீங்கள் கூத்தாடவில்லை என்று பிள்ளைகள் சொல்வார்கள் அல்லவா? பிள்ளைகளின் விளையாட்டை நின்று கவனித்தவர்தானே அப்படிச் சொல்ல முடியும்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் சிறு வகுப்பு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஞாயிறு பள்ளியை மட்டும் விடவில்லை. ஒரு கதையை எடுத்தால் அதில் ஏதாவது ஒரு செயல் முதுகெலும்பாக நிற்கும். தேடுவது, சுமப்பது, காத்திருப்பது, கூப்பிடும் குரலைக் கேட்பது என்று ஏதோ ஒன்று. அந்தச் செயலைக் கண்டுபிடித்துப் பிள்ளையின் கைக்கும் காலுக்கும் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு விதி என்று தனியாக எதையும் யோசிக்க வேண்டியதில்லை. கதையில் இருப்பதே விதி.

உன் ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் கல்லா மண்ணா தெரியும். மத்தேயு 7-இல் வருகிற, கன்மலைமேல் ஒன்றும் மணல்மேல் ஒன்றுமாகக் கட்டிய இரண்டு வீடுகளின் கதைக்கு அதைவிடப் பொருத்தமான விளையாட்டு எந்த நாட்டிலும் இருக்காது. ஆலயப் படிக்கட்டு கன்மலை. முற்றம் மணல். பிள்ளைகள் மணலில் திரிந்து வீடு கட்டுவதுபோல் பாவனை செய்யட்டும். நீ "பெருமழை சொரிந்தது" என்றால் விரல்களால் தொடையில் தட்ட வேண்டும். "பெருவெள்ளம் வந்தது" என்றால் கைகளை அலையாக ஆட்ட வேண்டும். "காற்று அடித்தது" என்றதும் எல்லோரும் படிக்கட்டுக்கு ஓட வேண்டும். வசனத்தில் இருக்கிற அதே மூன்று, அதே வரிசை. மூன்று வாரம் விளையாடினால் வசனம் தானாக வாயில் வந்துவிடும். பெரியவர் கேட்ட மனப்பாடமும் ஆயிற்று.

பிடிபடுபவர் என்று யாரும் வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் சாக்பீஸால் படியில் கோடு போட்டுக் கன்மலையைச் சிறிதாக்கிக்கொண்டே வா. கடைசியில் ஒரு படிதான் இருக்கும். அதில் ஒருவரை ஒருவர் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு, ஒருவர் மடியில் ஒருவராக எல்லோரும் அடங்க வேண்டும். ஒரு பிள்ளை மணலில் நின்றாலும் சுற்று முடியவில்லை என்று சொல்லிவிடு. பெரிய பையன்கள் சின்னதுகளைத் தூக்கி வைப்பதைப் பார்ப்பாய்.

இது முடிந்ததும் தேரி மணலைக் குவித்து அதன்மேல் ஒரு சிரட்டை வீடு, பக்கத்தில் ஒரு கல்லின்மேல் இன்னொரு சிரட்டை வீடு. இரண்டின்மேலும் ஒரு குடம் தண்ணீரைப் பிள்ளைகளையே ஊற்றச் சொல். விளக்கமே தேவைப்படாது.

காணாமற்போன ஆடு (லூக்கா 15) கண்ணாமூச்சியைத் திருப்பிப் போட்ட விளையாட்டு. எல்லோரும் ஒளிய ஒருவர் தேடுவதற்குப் பதிலாக, ஒரே ஒரு ஆடு ஒளிந்துகொள்ளும். ஒரு மேய்ப்பன் தேடிப் போவான், மற்றவர்கள் தொழுவத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஆடு அவ்வப்போது "மே" என்று கத்த வேண்டும். கண்டுபிடித்ததும் மேய்ப்பன் ஆட்டைக் கைபிடித்து அழைத்து வர, தொழுவத்தில் உள்ள எல்லோரும் கைதட்டிப் பாட வேண்டும். கதையில் மேய்ப்பன் சிநேகிதரையும் அயலகத்தாரையும் கூடவரவழைத்துச் சந்தோஷப்படுகிறான் அல்லவா, அந்த இடத்தைச் சுருக்கிவிடாதே. உடன்குடிக் கருப்பட்டியில் ஒவ்வொரு துண்டு எல்லோருக்கும் கொடு. ஜெயித்தவனுக்கு மட்டும் மிட்டாய் என்ற பழக்கம் அன்றோடு போகட்டும். எந்தப் பிள்ளை எப்போதும் வெளியேறி நிற்கிறதோ, முதல் நாள் அதையே ஆடாக வை. வகுப்பு முழுவதும் அந்த ஒரு பிள்ளைக்காகக் காத்திருக்கும்.

எரிகோ பட்டணத்து மதில் விழுந்த கதையும் நல்ல விளையாட்டு. மளிகைக் கடையில் வெற்று அட்டைப்பெட்டிகள் கேட்டால் கொடுப்பார்கள். அடுக்கி மதில் கட்டுங்கள். இஸ்ரவேலர் ஆறு நாள் நாளுக்கு ஒரு முறையும் ஏழாம் நாள் ஏழு முறையும் சுற்றினார்கள் என்பது கதை. பாலர்களுக்கு ஏழாம் நாளின் ஏழு சுற்று போதும், விரல் விட்டு எண்ணிக்கொண்டே. இதில் ஓட்டம் கிடையாது. தலைவன் யோசுவா சொல்லும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் விளையாட்டு. நான்கு வயதுப் பிள்ளை உதட்டை இறுக்கிக்கொண்டு ஏழு சுற்று நடப்பது பெரிய காரியம், அதைப் பாராட்டிச் சொல். ஏழாவது சுற்றில் ஆர்ப்பரிப்பு. பெட்டியை யாரும் உதைக்க வேண்டாம். அடிப்பெட்டியில் ஒரு கயிற்றைக் கட்டி உன் கையில் வைத்துக்கொண்டு, சத்தம் எழும்பும் நொடியில் இழுத்துவிடு. மனுஷர் கை படாமல் மதில் விழுந்தது என்பதுதானே கதை.

மாடி ஹால் சபை, சென்னை:

சகோதரிக்கும் பெரியம்மாவுக்கும் ஸ்தோத்திரம். உங்களுக்கு முற்றமும் மணலும் இருக்கிறது. எங்கள் சபை இரண்டாவது மாடியில் வாடகை ஹாலில் கூடுகிறது. கீழே குடும்பங்கள் வசிக்கின்றன. ஓடவும் கத்தவும் முடியாது. மழைக்கால வராந்தாவில் உங்களுக்கும் உதவும் என்பதால் இரண்டு அமைதியான விளையாட்டுகளைச் சொல்கிறேன்.

ஒன்று சாமுவேல். கர்த்தர் இரவில் பெயர் சொல்லிக் கூப்பிட, ஆசாரியனாகிய ஏலிதான் கூப்பிட்டார் என்று எண்ணி அவரிடம் ஓடிய சிறுவனின் கதை. பிள்ளைகள் பாயில் கண்ணை மூடிப் படுத்திருப்பார்கள். ஒருவர் மட்டும் தள்ளி உட்கார்ந்திருப்பார், அவர்தான் ஏலி. நான் பின்னால் நடந்தபடி மிக மெல்லிய குரலில் ஒரு பெயரைச் சொல்வேன். அந்தப் பிள்ளை எழுந்து ஏலியிடம் போய், "இதோ, இருக்கிறேன், என்னைக் கூப்பிட்டீரே" என்று சொல்ல வேண்டும். ஏலி, "நான் கூப்பிடவில்லை, திரும்பிப்போய்ப் படுத்துக்கொள்" என்பார். பெயரை இரண்டு முறை சொன்னால் மட்டும் ஏலியிடம் போகாமல், அங்கேயே எழுந்து உட்கார்ந்து, "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் என் குரலைக் குறைத்துக்கொண்டே போவேன். 15 பிள்ளைகள் இருக்கிற ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். எல்லோருடைய பெயரும் வரும்வரை விளையாட்டு முடியாது, அதனால் யாரும் விடுபடுவதில்லை.

அடுத்தது மன்னா, வனாந்தரத்தில் கர்த்தர் இஸ்ரவேலருக்குக் கொடுத்த உணவு. வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து அதில் அரிசிப் பொரியைத் தூவிவிடுவோம். வெளியே போயிருந்த பிள்ளைகள் உள்ளே வந்ததும் காகிதக் கோப்பையில் சேர்க்க வேண்டும். சில பிள்ளைகள் அள்ளிக் குவிப்பார்கள், சில பிள்ளைகளுக்கு நாலு பொரிதான் அகப்படும். பிறகு எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டி, ஒரே அளவுக் கரண்டியால் ஆளுக்கு ஒரு ஓமர் (வேதத்தில் மன்னாவை அளந்த அளவு) என்று அளந்து கொடுப்போம். அதிகம் சேர்த்தவனுக்கு மீதியும் இல்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறைவும் இல்லை என்று யாத்திராகமம் 16 சொல்வதை அப்போதுதான் வாசிப்பேன். முதல் தடவை அள்ளிக் குவித்த பிள்ளைக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தைப் பற்றிப் பேசவே இந்த விளையாட்டை நான் விரும்புகிறேன். நிலக்கடலையும் சோளப்பொரியும் வேண்டாம்; சிறு பிள்ளைகளுக்குத் தொண்டையில் சிக்கும்.

பரிசு விஷயத்தில் மட்டும் பெரியம்மாவோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. நாங்கள் வருகைக்கு நட்சத்திரம் ஒட்டுகிறோம். அதற்காகவே பெற்றோரை எழுப்பி அழைத்து வருகிற பிள்ளைகள் உண்டு.

கொத்தனார் அப்பா, நாகர்கோவில்:

டீச்சர், என் மகள் பாலர் வகுப்பில் படிக்கிறாள். எங்கள் சபையில் ஒரு ஞாயிறு என்னை உதவிக்குக் கூப்பிட்டார்கள். எனக்குத் தெரிந்தது அளவுதான், அதையே விளையாட்டாக்கினேன்.

கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு ஜாணும் என்று 1 சாமுவேல் 17:4-இல் இருக்கிறது. முழத்துக்கு ஒன்றரை அடி, ஜாணுக்கு முக்கால் அடி என்று வைத்தால் ஒன்பதே முக்கால் அடி. சுவரில் சாக்பீஸால் அந்த உயரத்துக்கு ஆளை வரைந்தேன். ஒவ்வொரு பிள்ளையையும் அதன் பக்கத்தில் நிறுத்தித் தலைக்கு மேல் கோடு போட்டுப் பெயர் எழுதினோம். பிறகு ஆளுக்கு ஐந்து காகித உருண்டைகள், தாவீது எடுத்த ஐந்து கூழாங்கற்களின் கணக்கு. நெற்றியில் போட்ட வட்டத்தைக் குறிவைத்து எறிய வேண்டும். ஒரு பிள்ளையைக் கோலியாத்தாக நிறுத்தி அதன்மேல் எறியச் சொல்லாதீர்கள்.

பிள்ளைகளையே அவர்களுடைய முழத்தால் அளக்கவும் சொன்னேன். ஐந்து வயதுப் பிள்ளையின் முழம் ஏறத்தாழ ஓர் அடிதான் வரும். அவர்கள் அளந்த கோலியாத்து என்னைவிடச் சற்றுத்தான் உயரமாக நின்றான். பிறகு என் முழத்தால் அளந்து காட்டியதும் வாயைப் பிளந்தார்கள்.

நோவாவின் பேழை முந்நூறு முழ நீளம், ஐம்பது முழ அகலம், முப்பது முழ உயரம். 450 அடிக் கயிறு யாரிடமும் இருக்காது, நூல்கண்டு போதும். ஆலய வாசலில் ஒரு முனையை ஒரு பிள்ளை பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் தெருவில் நூலைப் பிரித்துக்கொண்டே நடந்தோம். மறுமுனை வந்தபோது வாசலில் நின்ற பிள்ளை சரியாகத் தெரியவில்லை. வண்டி வராத தெருவாகப் பார்த்துச் செய்யுங்கள், பெரியவர்கள் இரண்டு பேர் கூட நடக்க வேண்டும்.

ஒரு தாய், மதுரை:

எல்லோரும் எழுதுவதை ஆவலாக வாசிக்கிறேன். என் மகனுக்கு ஆறு வயது. காது கேட்கும் கருவி அணிந்திருக்கிறான், சத்தம் நிறைந்த இடத்தில் சொற்கள் அவனுக்குப் பிரிந்து கேட்பதில்லை. விசில், பாட்டு, குரல் எதை வைத்து விளையாடினாலும் மற்றவர்கள் ஓடிய பிறகுதான் அவன் ஓடுவான். ஆட்டின் "மே" சத்தமும் மெல்லிய குரல் சாமுவேலும் அவனுக்கு எட்டாது. இது யாருடைய குறையும் அல்ல, இப்படியும் பிள்ளைகள் உண்டு என்று டீச்சர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். எரிகோவில் ஆர்ப்பரிக்கும் நேரத்துக்குச் சத்தத்தோடு ஒரு சிவப்புத் துணியையும் தூக்கிக் காட்டுங்கள். சாமுவேலுக்குத் தோளை ஒரு முறையோ இரண்டு முறையோ தொட்டால் போதும். மழை, வெள்ளம், காற்று மூன்றுக்கும் பெரியம்மா கைச் செய்கை சொல்லிவிட்டார்கள். நீங்களும் அதைப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று செய்துகாட்டுங்கள்.

அவன் மிகவும் விரும்பிய விளையாட்டு நடக்க முடியாத திமிர்வாதக்காரனைச் சுமந்து போய்க் கூரை வழியாக இயேசுவிடம் இறக்கிய நான்கு பேர் (மாற்கு 2). பழைய சேலையை நாலாக மடித்து நடுவில் ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள். நாலு மூலைக்கு நாலு பிள்ளைகள். நாற்காலிகளுக்கு நடுவே வளைந்து போய், ஒரு பெஞ்சின் மேலே ஏற்றி, அந்தப் பக்கம் மெதுவாக இறக்க வேண்டும். ஒருவர் வேகமாகப் போனாலும் பொம்மை உருண்டுவிடும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டிய விளையாட்டு, காதுக்கு வேலையே இல்லை. மூன்று பேரால் முடியாது, என் மகன் ஒரு மூலையைப் பிடித்தே ஆக வேண்டும். அந்த நாள் வீட்டுக்கு வந்து தலையணையை வைத்து என்னையும் அவன் அப்பாவையும் தங்கையையும் பிடிக்க வைத்தான்.

தேரிக்காட்டு டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. மதுரைச் சகோதரிக்குத் தனியாக ஒரு நன்றி. என் வகுப்பிலும் பேச்சு வராத ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள், அவளை நினைத்துக்கொண்டே வாசித்தேன். வருகிற ஞாயிறு கல்லா மண்ணாவில் தொடங்குகிறேன், அடுத்த வாரம் சேலை. பெரியவரிடம் சகரியாவை வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்துவிட்டு, நாற்காலி எங்கே போடுவாய் என்று கேட்டார்.

பெரியம்மாவிடம் இரண்டு கேள்விகள். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய குள்ளன் சகேயுவின் கதையைச் சொன்னால் பையன்கள் வேப்பமரத்தில் ஏறத் துடிக்கிறார்கள். ஏறவிடப் பயமாக இருக்கிறது, என்ன செய்யலாம்? அடுத்து, தவக்காலம் வரும்போது சிலுவைப் பாடுகளுக்கு விளையாட்டு ஏதாவது உண்டா?

பாளையங்கோட்டைப் பெரியம்மா:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். சிலுவையைக் கதையாகச் சொல், பாட்டாகப் பாடு, படம் வரையச் சொல். முள்முடியையும் ஆணியையும் பிள்ளைகள் கையில் விளையாட்டுப் பொருளாகக் கொடுக்காதே. சில கதைகளுக்கு முன்னால் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கலாம். உயிர்த்தெழுந்த ஞாயிறு அன்று ஓடட்டும். பேதுருவும் மற்றச் சீஷனும் கல்லறைக்கு ஓடினார்கள் என்று யோவான் 20-இலேயே இருக்கிறது.

சகேயுவுக்கு மரம் வேண்டாம். வராந்தாத் திண்ணை அல்லது உறுதியான முக்காலி போதும். உயரமான பிள்ளைகள் தோளோடு தோள் சேர்த்துக் கூட்டமாக நிற்கட்டும். அவர்களுக்குப் பின்னால் நீ ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு நடந்து போ. ஓலை விசிறி, செம்பு, எதுவானாலும் சரி. கூட்டத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிற குள்ளப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. முக்காலியில் ஏறினால் தெரியும். என்ன கண்டாய் என்று அது எல்லோருக்கும் சொல்ல வேண்டும். பேச்சு வராத உன் வகுப்புப் பெண்பிள்ளை செய்கையில் காட்டட்டும். பிறகு நீ நின்று, அண்ணாந்து பார்த்து, அதன் பெயரைச் சொல்லி, "சீக்கிரமாய் இறங்கிவா, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும்" என்று கூப்பிடு. அந்தப் பிள்ளை கையைப் பிடித்து உன்னையும், பின்னால் கூட்டம் முழுவதையும், பாய்க்கு அழைத்துப் போய் உட்கார வைக்கும். இந்த விளையாட்டில் குள்ளமாக இருப்பதுதான் தகுதி. உயரமான பையன்கள் தங்களுக்கு எப்போது முறை வரும் என்று கேட்பார்கள். நீ நாற்காலியில் ஏறி நின்று அவர்களுக்கும் ஒரு கூட்டத்தை உண்டாக்கு.

சென்னைத் தம்பி, வருகை நட்சத்திரத்தில் எனக்கு மறுப்பு இல்லை. காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கும் ஒன்று ஒட்டிவிடுங்கள்.

மகளே, சேலை பருத்தியாக இருக்கட்டும். நைலக்ஸ் சேலை சிறு கைகளில் வழுக்கும். மூலைகளில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் பிடிக்க வசதியாக இருக்கும்.